லொறி வளவின் மழைநீருக்கு ஒரு தொட்டி: அளவிட்டதும் கட்டியதும்

களுவாஞ்சிகுடிப் பக்கம், பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையில் 120 பேர்ச் (3,035 சதுரமீற்றர்) வளவு. நெல்லும் உரமும் இறக்கி ஏற்றும் களஞ்சியம் ஒன்று, லொறிகள் நிற்கக் கொங்கிறீட் முற்றம், மூலையில் டீசல் தாங்கி, அதன் அருகே சிறிய வாகனத் திருத்தகம். முற்றத்தில் விழும் மழைநீர் வீதியோர வடிகானுக்குப் போகிறது. வடிகான் நேரே வாவிக்குப் போகிறது. அந்த நீரைச் சுத்திகரிக்க என்ன சாதனம் வேண்டும், எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆரம்பக் கணக்கிலிருந்து முதல் மாரி கடந்தது வரையான பதிவு இது. இப்படியான வளவுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வருடாவருடம் பெருகுவதால், கணக்குகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். இதே வழியில் வேறு ஒருவர் தன் வளவுக்குக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வளவு முதலாளியிடம் ஏற்கெனவே ஒரு விலைமனு இருந்தது. பிளாஸ்ரிக் உறையில் வரும், மண்ணுக்குள் புதைக்கும் எண்ணெய் பிரிப்பான். பரப்பளவைச் சொன்னால் அட்டவணையிலிருந்து அளவைச் சொல்லிவிடுகிறார்கள். முற்றம் 1,400 சதுரமீற்றர், அதை 0.0018 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 2.5 லீற்றர், ஆகவே செக்கனுக்கு 3 லீற்றர் சாதனம் போதும் என்பது அவர்கள் கணக்கு. பெருக்கல் சரி. ஆனால் அந்த 0.0018 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது பிரித்தானிய வழிகாட்டலில் உள்ள எண். மணிக்கு 6.5 மில்லிமீற்றர் மழை வரை முழு நீரையும் சுத்திகரித்து, அதற்கு மேற்பட்டதைச் சுத்திகரிக்காமல் பக்கவழியாக வெளியே விடும் சாதனங்களுக்கு உரியது. அங்கே பெய்யும் மழையில் மிகப் பெரும்பகுதி அந்த வேகத்துக்குள் அடங்கிவிடுகிறது. மட்டக்களப்பில் மார்கழி மாதத்து மழை அப்படியா பெய்கிறது? வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெறும் ஊர் இது. அதில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்க்கிறது. செக்கனுக்கு 3 லீற்றர் சாதனத்தை இங்கே புதைத்தால், மாரியின் கனமான ஒவ்வொரு மழையிலும் நீரின் பெரும்பகுதி சுத்திகரிப்பையே தொடாமல் வாவிக்குப் போகும். சாதனம் நல்லதுதான். அளவிட்ட மழைதான் வேறொரு நாட்டின் மழை.

அதனால் விலைமனுவை ஒதுக்கிவைத்துவிட்டு நிலத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் வேலை, நீரைப் பிரிப்பது. வளவின் 3,035 சதுரமீற்றரில் களஞ்சியக் கூரை 950, திருத்தகத்துக்கும் டீசல் தாங்கிக்கும் மேலாக நாங்கள் புதிதாகப் போட்ட கூரை 90, திறந்த முற்றம் 1,400, மிச்சம் 595 மண் நிலம். கூரையில் விழும் நீரில் இலையும் தூசும் பறவை எச்சமும் இருக்கும், எண்ணெய் இருக்காது. அதை முற்றத்து நீரோடு கலக்கவிட்டால் சுத்தமான நீரையும் சேர்த்துச் சுத்திகரிக்கும் வேலைதான் மிஞ்சும். கூரை நீரைப் பீலி போட்டுப் பிரித்து, இரண்டு தாங்கிகளில் சேர்த்து, வழிவதை மண் நிலத்தில் உறிஞ்சவிட்டோம். இந்த மணல் மண் கோடையிலும் மாரியின் தொடக்கத்திலும் அதைத் தாராளமாகக் குடித்துவிடுகிறது.

திருத்தகத்துக்குக் கூரை போட்டதுதான் இந்தத் திட்டத்தில் நான் அதிகம் வாதாடிய விடயம். முதலாளிக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. "ஐயா, கூரைக்குள் சிந்தும் எண்ணெயை மரத்தூள் போட்டுக் கூட்டி அள்ளலாம். மழையில் சிந்தும் எண்ணெயை 1,400 சதுரமீற்றர் நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்" என்றேன். ஒப்புக்கொண்டார். கூரைக்குக் கீழே சுற்றிவர 100 மில்லிமீற்றர் உயரக் கட்டு எழுப்பினோம். உள்ளே கழுவும் நீர் தனிச் சிறு தொட்டிக்குப் போகிறது. மழைநீர் வழியோடு அதற்குத் தொடர்பே இல்லை.

உரத்துக்கும் இதே நியாயம்தான். யூரியா நீரில் முழுவதும் கரைந்துவிடும். கரைந்ததைச் சேறு படியவைக்கும் எந்தத் தொட்டியும் எந்த எண்ணெய் பிரிப்பானும் பிடிக்காது. அது வாவிக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். உரமூட்டை ஏற்றி இறக்கும் இடத்தைக் களஞ்சியத்தின் நீட்டிய இறவாணத்துக்குக் கீழே கொண்டுவந்ததும், கிழிந்த மூட்டையை அன்றன்றே கூட்டி அள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் தொட்டியின் எந்த அறையும் செய்ய முடியாத வேலையைச் செய்கின்றன.

இனி மழைக்கணக்கு. வாய்பாடு எளியது: பாயும் அளவு, செக்கனுக்கு லீற்றரில், 2.78 பெருக்கல் வழிந்தோடு குணகம் பெருக்கல் மழைவேகம் பெருக்கல் ஹெக்டயரில் பரப்பளவு. வழிந்தோடு குணகம் என்பது விழும் மழையில் உறிஞ்சப்படாமல் ஓடும் பங்கு; கொங்கிறீட் முற்றத்துக்கு 0.9 எடுத்தேன். கான்கள் நிரம்பி வழியாமல் இருக்க மணிக்கு 120 மில்லிமீற்றர் மழைக்குக் கணக்கிட்டால் செக்கனுக்கு 42 லீற்றர் வருகிறது. அவ்வளவையும் சுத்திகரிக்கத் தேவையில்லை. அப்படியான மழை சில நிமிடங்களே பெய்யும், அதில் அழுக்கும் நீர்த்துப்போயிருக்கும். சுத்திகரிக்க வேண்டிய வேகத்தைத் தேர்வதுதான் உண்மையான முடிவு.

அதற்கு முந்தைய மாரியிலேயே வளவில் ஒரு மழைமானி வைத்து, காவலாளியைக் கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியச் செய்திருந்தேன். பொறுமையான மனிதர், குடையும் மின்சூளுமாகப் போய்ப் பார்த்து எழுதிவைத்தார். அந்தப் பதிவுகளைப் பார்த்தபோது, மழையின் பெரும்பகுதி பத்து நிமிடத்துக்கு 5 மில்லிமீற்றர் என்ற வேகத்துக்குள், அதாவது மணிக்கு 30 மில்லிமீற்றருக்குள் விழுந்திருந்தது தெரிந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். 2.78, 0.9, 30, 0.14 ஆகியவற்றைப் பெருக்கினால் செக்கனுக்கு 10.5 லீற்றர். கூரை நீரையும் கலக்கவிட்டிருந்தால் இது 18 லீற்றரைத் தாண்டியிருக்கும்.

"முதல் மழையில் எல்லா அழுக்கும் கழுவப்பட்டுவிடும், பிறகு வருவது சுத்த நீர்தானே" என்று சிலர் கேட்டார்கள். ஐப்பசியில் வரும் முதல் மழைக்கு அது பொருந்தும். கோடை முழுவதும் படிந்தது ஒரேயடியாக வரும். மாரிக்குள் நிலைமை வேறு. வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வரும் ஒவ்வொரு லொறியின் ரயரிலும் வயற்சேறு அப்பிக்கொண்டு வருகிறது. முற்றம் காலையில் கழுவப்பட்டால் மாலைக்குள் மறுபடி சேறாகிவிடும். அதனால் முதல் சில மில்லிமீற்றரை மட்டும் பிடித்தால் போதும் என்ற கணக்கை இந்த வளவில் நான் ஏற்கவில்லை.

10.5 லீற்றரை உள்ளே அனுப்பி மிச்சத்தைப் பக்கவழியாக விட ஒரு பிரிப்பு அறை தேவை. அறைச்சுவரில் ஒரு துளை. துளையின் மையத்துக்கு 150 மில்லிமீற்றர் மேலே ஒரு வழிசுவர். அந்த நீர்மட்டத்தில் 10.5 லீற்றர் பாய வேண்டுமானால் துளையின் விட்டம் 112 மில்லிமீற்றர். வழிசுவரின் நீளம் 1.2 மீற்றர், மிச்ச 31.5 லீற்றரும் அதன் மேலாக 60 மில்லிமீற்றர் தடிப்பில் வழிந்துபோகும். இங்கே கவனிக்க வேண்டியது: நீர் வழியும்போது துளையின் மேலுள்ள மட்டமும் 60 மில்லிமீற்றர் உயர்கிறது; எனவே கடும் மழையில் துளையால் 10.5 அல்ல, 12.4 லீற்றர் போகும். தொட்டியை 12.4 லீற்றருக்கே அளவிட வேண்டும். வழிந்த நீர் தொட்டிக்குள் போகாமல் தனிக் கானால் போகிறது. தொட்டிக்குள் பாயவிட்டால் அடியில் படிந்த சேற்றைக் கிளறி வெளியே தள்ளிவிடும்.

தொட்டியில் இரண்டு அறைகள். முதலாவது சேற்றறை. ஐரோப்பிய நியமத்தில் சேறு அதிகம் வரும் இடங்களுக்குச் செக்கனுக்கு ஒரு லீற்றர் பாய்ச்சலுக்கு 300 லீற்றர் சேற்றிடம் கேட்கிறார்கள். சாதாரண முற்றத்துக்கு 100 போதும். வயற்சேற்றைப் பார்த்தவன் என்பதால் 300 எடுத்தேன். 3,720 லீற்றர் வந்தது. 1.8 மீற்றர் அகலம், 2.3 மீற்றர் நீளம், 0.9 மீற்றர் ஆழம்.

இரண்டாவது எண்ணெயறை. எண்ணெய்த்துளி நீரில் எவ்வளவு வேகமாக மேலெழும் என்பதில்தான் இதன் அளவு தங்கியிருக்கிறது. 150 மைக்ரோன் (0.15 மில்லிமீற்றர்) விட்டமுள்ள டீசல் துளி, 28 பாகை நீரில் செக்கனுக்கு 2.16 மில்லிமீற்றர் எழும். ஐரோப்பாவின் பத்துப் பாகைக் குளிர்நீரில் எழுவதைவிட இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எங்கள் வெப்பம் எங்களுக்குச் சாதகமாக இருக்கும் ஓர் இடம் இது. 12.4 லீற்றருக்கு, கலங்கல் ஓட்டத்துக்காக ஒன்றரை மடங்கு பாதுகாப்பும் சேர்த்தால், தேவையான நீர்மேற்பரப்பு 8.6 சதுரமீற்றர். 1.8 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொடுத்து 9 சதுரமீற்றர் ஆக்கினேன். கிடைப் பாய்ச்சல் செக்கனுக்கு 8 மில்லிமீற்றருக்குள் வருகிறது. 15க்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கமான எல்லை.

150 மைக்ரோனில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. துளியின் விட்டம் 60 மைக்ரோன் ஆனால் எழும் வேகம் 0.35 மில்லிமீற்றராகக் குறைகிறது. தேவைப்படும் பரப்பு 54 சதுரமீற்றராகப் பெருகுகிறது. அதனால்தான் சாய்ந்த தகடுகளை அடுக்கி வைத்த பிரிப்பான்களை விற்கிறார்கள். சின்னப் பெட்டிக்குள் பெரிய பரப்பை மடித்து வைக்கும் உபாயம் அது. ஆனால் தகட்டு இடைவெளிகளைச் சேறு அடைத்துவிடும். அடிக்கடி தூக்கிக் கழுவ வேண்டும். எண்ணெய் சிந்தும் இடத்தைக் கூரைக்குள் அடக்கிவிட்ட பிறகு முற்றத்தில் மிஞ்சுவது லொறிகள் சொட்டும் எண்ணெய்தான். அதனால் தகடு வாங்கவில்லை. பிற்காலத்தில் தேவையானால் இறக்கிவைக்க, சுவரில் காடிகளை மட்டும் விட்டுக் கட்டினோம்.

இனி, வாவிக்கும் கடலுக்கும் இடையிலான இந்த எழுவான்கரையில் எந்தத் தொட்டி வைப்பவரும் தவிர்க்க முடியாத விடயம்: நிலத்தடி நீர். பக்கத்து வளவு அம்மாவிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, கோடையில் கயிறு வேண்டும். மார்கழியில் குனிந்து கையால் அள்ளலாம்" என்றார். எந்த ஆய்வறிக்கையைவிடவும் அந்த வசனம் எனக்கு உதவியது. அளந்து பார்த்தபோதும் மாரியில் நிலத்துக்கு 300 மில்லிமீற்றர் கீழேயே நீர் நின்றது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் தானாக வந்தன. முற்றத்து நீரை உறிஞ்சுகுழியில் விடுவது கூடாது. அந்த அம்மா குடிப்பது அந்த நீரைத்தான். மற்றது, புதைக்கும் தொட்டி மிதக்கும்.

மிதப்பதை அலட்சியப்படுத்துகிறவர்கள் பலர். ஆறு கனமீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி சில நூறு கிலோதான் இருக்கும். அதைச் சூழ்ந்த நீரோ அதை ஆறு தொன் விசையுடன் மேலே தள்ளும். நீர் நிறைந்திருக்கும் வரை பிரச்சினை தெரியாது. சுத்தம் செய்யக் காலியாக்குகிற அன்று, நிலநீர் உயர்ந்திருந்தால், மேலே உள்ள முற்றத்தையும் உடைத்துக்கொண்டு எழும். கொங்கிறீட் போட்டு அழுத்தலாம்; ஆனால் நீருக்குள் கொங்கிறீட்டின் பயனுள்ள எடை ஒரு கனமீற்றருக்கு 1.4 தொன்தான். அந்தக் கணக்கைப் போட்டதும், அதே கொங்கிறீட்டைத் தொட்டியின் சுவராகவே கட்டிவிடலாம் என்பது தெளிவானது. நீரைச் சுழலவிட்டுச் சேற்றைப் பிரிக்கும் சுழல்முறைப் பிரிப்பான்களையும் இதே காரணத்தால் விட்டேன். அவை இடம் குறைவாக எடுக்கும். ஆனால் ஆழமாக இறங்க வேண்டும். இந்தக் கரையில் ஆழம்தான் அதிக விலை.

எங்கள் தொட்டி வெளியளவில் 7.9 மீற்றருக்கு 2.2 மீற்றர், அடித்தளத்தின் அடி நிலத்துக்கு 1.65 மீற்றர் கீழே. மார்கழி நீர்மட்டத்தில் அது இடம்பெயர்க்கும் நீர் 23.5 தொன், மூடியோடு தொட்டியின் எடை 28 தொன். போதும்போலத் தோன்றும். ஆனால் 2011 ஜனவரி வெள்ளத்தின் கறை களஞ்சியத்தின் பழைய சுவரில் நிலத்துக்கு மேலேயே இருக்கிறது. நீர் நிலமட்டம் வரை ஏறினாலே உதைப்பு 28.7 தொன் ஆகிவிடும். எனவே அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிவர 300 மில்லிமீற்றர் நீட்டினோம். அந்த விளிம்பின்மேல் அமரும் மணலும் நீட்டிய கொங்கிறீட்டுமாக இன்னும் பத்துத் தொன் அளவு பிடிமானம் கிடைத்தது. அதற்கு மேலும், மாரியில் இரண்டு அறைகளையும் ஒரே நாளில் காலியாக்கக்கூடாது என்று மூடியில் வர்ணத்தால் எழுதிவைத்திருக்கிறோம்.

கட்டும் வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொண்டோம். அப்போது நீர் குழியின் அடிக்குக் கீழே இறங்கியிருந்தது. பம்பி வைத்து இறைக்கத் தேவைப்படவில்லை. மணல் சரியாமல் குழியின் பக்கங்களைச் சாய்வாக வெட்டியதும், மேசன் சுவர் மூட்டுகளில் நீர்த்தடுப்புப் பட்டி வைக்க மறக்காததும் தவிர, அதில் சொல்ல அதிகம் இல்லை.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் உடனே வடிகானுக்குப் போவதில்லை. வேலியோரமாக 30 மீற்றர் நீளத்துக்குப் புல்வாய்க்கால். அடி அகலம் 1.2 மீற்றர், சரிவு 150 மில்லிமீற்றர் மட்டும். 12.4 லீற்றர் பாயும்போது நீர் 130 மில்லிமீற்றர் தடிப்பில் போகும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் எடுக்கும். தொட்டியில் தங்காத நுண்சேற்றைப் புல் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துக் கிணற்றுக்காக, படுவான்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து அடியில் 200 மில்லிமீற்றர் தடிப்பில் மிதித்து இறுக்கினோம். அதன்மேல் மணல்மண், அதன்மேல் அறுகு, வாய்க்காலின் குறுக்கே வரிசையாக வெட்டிவேர். மணல் வடிப்பான் ஒன்றையும் யோசித்தேன். பரப்பு 14 சதுரமீற்றர் போதும் என்று கணக்கு வந்தது. ஆனால் அது தன் மணலூடாக நீரை இறக்க அரை மீற்றருக்கு மேல் மட்டவேறுபாடு கேட்கிறது. முற்றத்துக்கும் வடிகானுக்கும் இடையில் அந்த மட்டம் இல்லை.

மட்டம்தான் கடைசிச் சிக்கலும். கார்த்திகை, மார்கழியில் வாவி நிரம்பும்போது வீதி வடிகானில் நீர் ஓடாமல் நின்றுவிடும்; முகத்துவாரம் வெட்டித் திறக்கும்வரை மட்டம் இறங்காது. அந்நாட்களில் வடிகான் நீர் எங்கள் தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டுகிறது. தொட்டியில் சேர்ந்த எண்ணெய் பின்னால் வந்த வெள்ளத்தில் மிதந்து வெளியேறினால் அத்தனை உழைப்பும் வீண். அதற்காக எண்ணெயறையில் எண்ணெயை மறிக்கும் தடுப்புச் சுவரின் தலையைச் சாதாரண நீர்மட்டத்துக்கு 300 மில்லிமீற்றர் மேலே எழுப்பினோம். வெளியேறும் குழாய் அடியிலிருந்து நீரை எடுக்கிறது. வாய்க்கால் வடிகானைச் சந்திக்கும் இடத்தில் ஒருவழிக் கதவு. கதவில் பொலித்தீனும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையும் சிக்கித் திறந்தபடியே நின்றுவிடும் என்பதால் அதற்கு முன்னால் கம்பித் தடுப்பு வைத்து, மாரியில் காவலாளி தினமும் அதை வழிக்கிறார். வடிகான் நிரம்பிய நாட்களில் முற்றத்தில் சிறிது நேரம் நீர் நிற்கும். அதை மறைக்காமல் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, களஞ்சிய வாசற்படியை உயர்த்தவும் செய்தோம்.

நுளம்பைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு இந்த மாவட்டத்தில் உயிரெடுக்கும் நோய். நிரந்தரமாக நீர் நிற்கும் தொட்டியைக் கட்டிவிட்டு மூடியில் விரல் நுழையும் இடைவெளி விடுவது குற்றம். மூடிகளுக்கு ரப்பர் விளிம்பு, காற்றுக்குழாய்களுக்கு நுண்வலை போட்டோம். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது முதலில் பார்த்ததும் அதைத்தான்.

முதல் மாரியில் வெளியேறும் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். உள்நாட்டு நீர்நிலைகளுக்கான வெளியேற்ற நியமம் எண்ணெய்க்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம், நீரில் கரையாமல் மிதக்கும் நுண்துகள்களான தொங்கல் திண்மங்களுக்கு 50. எண்ணெய் எல்லா மாதிரியிலும் எல்லைக்குள் இருந்தது. திண்மங்கள் ஐப்பசி முதல் மழையில் எல்லையைத் தாண்டின. புல் அப்போது இன்னும் வேர்பிடிக்கவில்லை. மார்கழியில் எடுத்த மாதிரியில் அதுவும் உள்ளே வந்தது. ஐப்பசிக்கு முன் முற்றத்தை உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ளுவது இப்போது வருடாந்த வேலையாகிவிட்டது. நீரோடு வரவிட்டு வடிகட்டுவதைவிட விளக்குமாறு மலிவு.

பராமரிப்புக்கு அளவுகோல் ஒன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. சேற்றறையில் சேறு அரைவாசி ஆழத்தைத் தொட்டால் அள்ள வேண்டும். எண்ணெய்ப் படலம் 20 மில்லிமீற்றர் தடிப்பானால், அது 180 லீற்றர், உறிஞ்சி எடுக்க வேண்டும். அள்ளிய சேற்றைத் திருத்தகக் கூரையின் கீழ் சாய்வான கொங்கிறீட் தளத்தில் காயவைக்கிறோம். வடியும் நீர் சேற்றறைக்கே திரும்புகிறது. எண்ணெயும் எண்ணெய்ச்சேறும் அபாயகரமான கழிவுப் பட்டியலில் வருபவை என்பதால், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் பற்றுச்சீட்டுடன் கொடுக்கிறோம். அந்தச் சீட்டுகளும் காவலாளியின் அளவீட்டுக் கொப்பியும் உரிமம் புதுப்பிக்கும் கோப்பில் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த மாரியில் எண்ணெய் 10 மில்லிகிராமை நெருங்கினால் காடிகளில் தகடுகளை இறக்குவோம். அதற்கான அளவும் 54 சதுரமீற்றர் என்று அதே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.